இரண்டு நிமிடத்துக்குள் அப்பா

நான் வாண்டு. வயது இருபத்தாறு. சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்கமாட்டேன். இருப்பது சலவைக் கூடத்துக்கு மேல் மாடியில், நான்கு பேர் படுக்கும் அறையில், ஜன்னலோரக் கட்டிலில். இன்று வார விடுமுறை. மற்ற மூவரும் வெளியே போயிருக்கிறார்கள். கீழே இயந்திரம் ஓடவில்லை. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, ஆனால் நம் வீட்டுப் பேச்சு அதற்குப் பாதிதான் புரிகிறது. அதனால் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். யார் யார் என்ன சொன்னீர்கள் என்று வரும் இடங்களை மட்டும் பிறகு கையால் திருத்திக்கொள்கிறேன்.

அம்மாவுக்குப் போன் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. யாராவது படித்துக் காட்டுங்கள். சித்தப்பா படித்தால் நாலு வரியிலேயே "சரி சரி, விஷயம் இதுதான்" என்று சுருக்கிவிடுவார். சித்தப்பா, இந்த ஒரு தடவை சுருக்காதீர்கள்.

எனக்கு எம்.பி.ஏ. இடம் கிடைக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. "ஹோட்டல் பெட்ஷீட் தோய்க்கிறவனை எவன் சேத்துக்குவான்" என்று சித்தப்பா சொன்னாராம். அம்மா அந்தக் கல்லூரியையே சபித்துக்கொண்டிருக்கிறாள். அக்கா ஒரு வாரமாகத் தப்பு தன்மேல்தான் என்கிறாள். மூன்றும் இல்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நுழைவுத் தேர்வில் மதிப்பெண் வந்தால் இடம் வந்த மாதிரி என்றுதான் நாம் எல்லோரும் நினைத்தோம். அது வாசல்வரைக்கும்தான். அதற்குப் பிறகு மூன்று சுற்று. எட்டு பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசவிடுவார்கள். பிறகு இருபது நிமிடத்தில் ஒரு கட்டுரை. கடைசியில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து நேர்காணல். விண்ணப்பித்த ஆறு கல்லூரிகளில் ஒன்றுதான் என்னை அழைத்தது. நாள் குறித்து மின்னஞ்சல் வந்தபோது கையில் முப்பத்தெட்டு நாள் இருந்தது.

அறையில் அன்றே எனக்கு எம்.டி. என்று பெயர் வைத்துவிட்டார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவர் எங்களோடு இருக்கிறார்; நாங்கள் அவரை லிஃப்ட் என்றுதான் கூப்பிடுவோம். காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் கட்டில் முன்னால் வந்து நிற்பார்.

"எம்.டி. சார், பாத்ரூம் காலியா இருக்கு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் போயிட்டு வந்துடுவேன்."

"போங்கண்ணே."

"வாயால சொன்னா செல்லாது சார். ஃபைல்ல வரணும்."

அவர் சிரிக்கவைத்தால்தான் எனக்குப் பயம் கொஞ்சம் மறக்கும். ஐந்து வருடமாக நான் யாரோடும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. இஸ்திரி இயந்திரத்தின் சூடான உருளைக்குள் ஈரமான விரிப்பை இரண்டு பேர் விடுவார்கள். அந்தப் பக்கம் காய்ந்து வரும்போது நானும் இன்னொருவனும் இரண்டு மூலைகளைப் பிடித்து மடிக்க வேண்டும். அந்த இரைச்சலில் பேச்சே கிடையாது, தலையசைப்புத்தான்.

அக்காதான் முதலில் சொன்னாள்.

"தினமும் நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. எனக்கு மத்தியானம் இருபது நிமிஷம் கிடைக்கும்."

"உனக்கு இதெல்லாம் எப்படிக்கா தெரியும்?"

"மருந்துக்கடையில பில்லு போடறவளுக்கு எல்லாம் தெரியும். நாளைக்கு ஆரம்பிக்கலாம்."

அவளுடைய சாப்பாட்டு நேரமும் என் தேநீர் இடைவேளையும் ஒன்றாக வந்தன. கடையின் பின்னால் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அவள், சலவைக் கூடத்தின் பின்வாசல் படியில் நான். முதல் நாளே குரலை மாற்றிக்கொண்டாள்.

"வாங்க. உட்காருங்க."

"படியிலதான்க்கா உட்கார்ந்திருக்கேன்."

"அக்கான்னு சொன்னா ரெண்டு மார்க் போச்சு. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

சொன்னேன். முடித்ததும், "ஒரு நிமிஷம் பத்து செகண்டுல முப்பத்தாறு தடவை 'வந்து' போட்டிருக்கே. எண்ணினேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஏன் எம்.பி.ஏ., ஏன் இந்தக் கல்லூரி, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய், உன் பலவீனம் என்ன என்று வரிசையாகக் கேட்டாள். தாளைப் பார்த்துப் படிக்கிற மாதிரியே இல்லை. அவளுக்குள்ளிருந்து வந்தது. எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, "டிவில பாத்தேன்" என்றாள். நானும் நம்பினேன்.

இதுதவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் ஒருவர் எங்களைப் போன்றவர்களைச் சேர்த்து மாதிரி நேர்காணல் நடத்துவார். மேலே கோட்டு, கீழே அரைக்கால் சட்டை. ஒரு தடவை எழுந்து கதவைச் சாத்தப் போனபோது எல்லோரும் பார்த்துவிட்டோம். அதிலிருந்து எங்கள் குழுவில் அவர் கோட்டு. மூன்றாவது வாரம் என் முறை வந்தது. முழுதும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

"எல்லாம் சரியா இருக்கு தம்பி. ஆனா ஆளைக் காணோம்."

"சார்?"

"வாழ்க்கையில கஷ்டமான காலம் எதுன்னு கேட்டேன். நீங்க ஏதோ இஸ்திரி மெஷின் ரிப்பேர் ஆனதைச் சொல்றீங்க. மெஷினுக்குத்தான் கஷ்டம். உங்களுக்கு என்ன ஆச்சு? ஏதாவது உடைஞ்சிருக்கணுமே."

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்பது காதில் விழுந்தது.

"அப்பாவைச் சொல்லு" என்றாள்.

"அப்பாவை என்னன்னு சொல்றது? நான் அங்க இல்லையே."

"இருந்ததாச் சொல்லு. லீவு போட்டு வந்து ஆறு மாசம் கூட இருந்தேன்னு சொல்லு. நான் பாத்ததை நீ பாத்ததாச் சொல்லு. என்ன குறைஞ்சுடப்போகுது?"

"உன்னோடதுக்கா அது."

"என்கிட்ட இருந்து என்ன பண்ணப்போகுது. பில்லு போடறதுக்கா?"

அதை வேண்டாம் என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. இதை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒப்பந்தப்படி இரண்டு வருடம் விடுப்பு கிடையாது. இரண்டு வருடம் முடிந்து விடுப்பு கிடைத்தபோது முதல் தடவை நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தேன். தேர்வு மூன்று மாதம் தள்ளி இருந்தது. ஊருக்குப் போய்வந்தால் படிப்பு கெடும் என்று நினைத்தேன். அக்காவும், "எழுதிட்டே வா. அப்பா எங்க போயிடப்போறாரு" என்றாள். எழுதினேன். மதிப்பெண் வரவில்லை. பயணச் சீட்டு எடுத்தேன். கிளம்ப வேண்டிய நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் அப்பா போய்விட்டார். அவசர விடுப்புத் தாள் கையெழுத்தாகி வந்தது மூன்றாம் நாள். எல்லாம் முடிந்த பிறகு வந்து என்னத்தப் பார்க்கப்போகிறாய் என்றாள் அம்மா. நானும் வரவில்லை. அம்மாவின் பேச்சைக் கேட்டு நின்றேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அந்தக் கட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பயந்துதான் வரவில்லை.

ஆக, அக்கா சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன். அப்பாவுக்கு வலது கையும் வலது காலும் வராது. ஸ்பூனை இடது கடைவாய்ப் பக்கம் கொடுக்க வேண்டும், அப்போதுதான் விழுங்குவார். சவரம் செய்யும்போது கன்னத்தை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தலையணை உறை ஈரமானால் கோபம் வரும், சொல்ல வார்த்தை வராது, இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். கட்டிலிலிருந்து கதவுவரை பதினோரு அடி. தினமும் காலையில் நடக்கவைப்பாள். அவர் வாய்விட்டு எண்ணுவார், குழறலாக. ஏழு என்ற எண்ணை மட்டும் விட்டுவிடுவார். ஆறுக்கு அப்புறம் எட்டு.

"ஏன் ஏழை விட்டுடுவார்?" என்று கேட்டேன்.

"தெரியலடா. வாய் அதுக்கு ஒத்துக்கல போல. நானே ஏழுன்னு சொல்லிடுவேன், அவர் முறைப்பார்."

இதையெல்லாம் கோர்த்து அவளிடம் சொல்லிக் காட்டினேன். அவள் கடிகாரம் பார்த்தாள்.

"நாலு நிமிஷம் அஞ்சு செகண்ட். ரெண்டு நிமிஷத்துக்குள்ள வரணும். மேல போனா அவங்க கடிகாரத்தைப் பாப்பாங்க."

"எதை எடுக்கறது?"

"சவரத்தை எடுத்துடு."

அடுத்த நாள் தலையணை உறை போயிற்று. அதற்கடுத்த நாள் ஸ்பூன். ஜுரம் வந்து அப்பா அவளை அவருடைய அம்மா என்று நினைத்துக் கூப்பிட்டாரே, அது போயிற்று. ஏழு போயிற்று. பதினோரு அடியையும் அப்பா எண்ணியதையும் மட்டும் வைத்துக்கொண்டோம். கடைசியில், "பெரிய இலக்கைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள்ளக் கற்றேன்" என்று ஒரு வரி. அது கோட்டு சேர்த்தது. கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தான் ஆளு தெரியுது. அந்தப் பதினொண்ணு ரொம்ப நல்லா இருக்கு தம்பி. அதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க."

ஒரு நாள் சொல்லி முடித்துவிட்டு வழக்கம்போலக் கேட்டேன்.

"எவ்வளவுக்கா?"

"கடிகாரம் போட மறந்துட்டேன்" என்றாள். "திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

நான் சொல்ல வெட்கப்படுகிற இடம் இது. அந்தப் பதிலைச் சொல்வது எனக்குப் பிடித்துப்போயிற்று. விரிப்பு மடிக்கும்போது சொல்லிக்கொள்வேன், குளிக்கும்போது சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் நான் நம் வீட்டில் இருந்தேன். அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். அவர் எண்ணுவது என் காதில் கேட்டது. ஒரு நாள் லிஃப்ட் அண்ணன், "உங்கப்பா கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா" என்று கேட்டார். "இல்லண்ணே, காலையில நடப்பாரு, நான்தான் நடத்துவேன்" என்று சொன்னேன். அவரிடம் பொய் சொல்லத் தேவையே இல்லை. அவர் எந்தக் கல்லூரியிலும் இல்லை. வாய் தானாகச் சொன்னது.

கல்லூரிக்காரர்கள் இங்கேயே வந்து ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நேர்காணல் நடத்தினார்கள். லிஃப்ட் அண்ணன் தன் கறுப்புச் செருப்பைத் துடைத்துக் கொண்டுவந்தார், ஷூ அல்ல, செருப்பு. "முன்பக்கம் மூடியிருக்குல்ல, மேசைக்கு அடியில எவன் பாக்கப்போறான்" என்றார். கடைசியில் கடன் வாங்கிய ஷூவில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

எட்டு பேர் பேசிய சுற்றில் நான் மூன்று தடவை பேசினேன். கட்டுரையை முடித்துவிட்டேன். நேர்காணல் அறைக்குள் போனால் மூன்று பேர். இரண்டு ஆண்கள், நடுவே ஒரு பெண்மணி. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

ஆண்களில் ஒருவர் முதலில் என் வேலையைப் பற்றிக் கேட்டார். நான் மேசைவிரிப்பைப் பார்த்தேன். ஓரத்தில் நீல நூலில் ஒரு தையல் ஓடியிருந்தது. எங்கள் கூடத்துக்கு எட்டு ஹோட்டலிலிருந்து துணி வரும். எல்லாம் வெள்ளை. எந்த ஹோட்டலுடையது என்று பிரிப்பதற்குள் உயிர் போய்விடும், மாறிப் போய்த் தினமும் சண்டை. ஹோட்டலுக்கு ஒரு நிறமாக ஓரத்தில் நூல் ஓட்டிவிடலாம் என்று இரண்டு வருடம் முன்னால் நான்தான் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். இந்த ஹோட்டலுக்கு நீலம்.

"இதை நேற்றுக் காலையில் நான்தான் மடித்தேன்" என்று சொல்லி ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அந்தப் பெண்மணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலால் அந்தத் தையலைத் தடவினார். எத்தனை துணி மாறிப்போகும், இப்போது எத்தனை, நூல் சாயம் போகாதா, தைக்கும் ஆளுக்கு யார் சம்பளம் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் என்னிடம் இருந்தது. ஒரு 'வந்து' கூட வரவில்லை. இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "நாங்கள் சிந்தும் காபியும் உங்களிடம்தான் வருமா?" என்றார். "ஆமாம், அதற்குத் தனித் தொட்டி" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அங்கேயே எழுந்து வந்திருக்கலாம்.

அப்போதுதான் முதலில் கேட்டவர் மறுபடி கேட்டார், வாழ்க்கையில் கஷ்டமான காலம் எது என்று.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பாவைப் பார்க்கப் போகாமல் இந்தத் தேர்வுக்குப் படித்தேன், அதற்குள் அவர் போய்விட்டார் என்று சொல்ல இருபது விநாடி போதும். ஆனால் வாய்க்கு ஒன்றுதான் பழகியிருந்தது. அப்பாவை நடக்கவைத்தேன். பதினோரு அடி. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. இரண்டு ஆண்களும் தலையசைத்தார்கள்.

அந்தப் பெண்மணி மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு சின்னக் கேள்வி. நடக்கும்போது நீங்கள் அவருக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள்?"

இவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்பூன் நினைவுக்கு வந்தது. நல்லதாக இருக்கும் பக்கம்தான் எல்லாம்.

"இடது பக்கம், மேடம். அந்தக் கைதான் அவருக்கு வரும். என்னைப் பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பேனாவை மூடினார். "என் கணவரும் மூன்று வருடம் அப்படி இருந்தார்" என்றார். பிறகு மற்ற இருவரையும் பார்த்து, "எனக்கு வேறு கேள்வி இல்லை" என்றார்.

அவருக்கும் அதே துக்கம் என்று நினைத்துக்கொண்டு, நல்லபடியாக முடிந்தது என்று வெளியே வந்தேன். அப்படியே அக்காவைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லச் சொன்னாள். நீல நூலைச் சொன்னபோது, "இதை ஏன்டா என்கிட்ட ஒரு நாளும் சொல்லல" என்று திட்டினாள், சந்தோஷமாகத் திட்டினாள். பிறகு அந்தக் கடைசிக் கேள்வியைச் சொன்னேன்.

"நீ என்ன சொன்னே?"

"நல்ல கைப் பக்கம்னு சொன்னேன்."

அங்கே யாரோ அட்டைப் பெட்டியில் பசைநாடா ஒட்டிக் கிழிக்கிற சத்தம்.

"வராத பக்கம்தான்டா நிக்கணும்" என்றாள். "நல்ல பக்கத்தை அவரே பாத்துக்குவாரு. சாஞ்சா வராத பக்கம்தான் சாய்வாரு. அங்க ஆள் இல்லன்னா விழுந்துடுவாரு."

ஹோட்டல் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"ஒரு நாள் நடத்தினவங்களுக்கும் அது தெரியும்" என்றாள். "அதனாலதான் எனக்குச் சொல்லணும்னே தோணல. எல்லாம் சொன்னேன், இதை விட்டுட்டேன். என் தப்பு."

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. வருந்துகிறோம் என்று. அந்த ஒரு பதிலால்தானா என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தப் பேனா மூடியதை நான் பார்த்தேன். லிஃப்ட் அண்ணன் அன்று எம்.டி. என்று கூப்பிடவில்லை. "தம்பி, டீ வெச்சிருக்கேன்" என்றார். அந்தத் 'தம்பி'தான் தாங்க முடியவில்லை.

அக்கா அதன் பிறகு போனை எடுப்பதில்லை. எடுத்தால், "நான் சரியாச் சொல்லிக்குடுக்கல" என்பாள், வைத்துவிடுவாள். போன புதன்கிழமை அம்மாவிடம் கேட்டேன், ஏன் இப்படி இருக்கிறாள் என்று. அம்மா, நீ என்னிடம் சொன்னதை யாரிடமும் சொல்லாதே என்றாய். சொல்லப்போகிறேன், மன்னித்துக்கொள்.

"அவளை ஒண்ணும் கேக்காதடா" என்றாள் அம்மா. "அவளுக்கும் இப்படி ஒண்ணு வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"இதே மாதிரி கடிதாசிதான். பரீட்சை எழுதிப் பாஸாகி, நேர்ல வரச்சொல்லி. உங்கப்பா விழுந்து ஒன்றரை மாசம் இருக்கும். பீரோல புடவைக்கு அடியில இன்னும் வெச்சிருக்கா."

அப்போது அக்காவுக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டேன். இருபத்தாறு.

"நீதான் போகவேண்டாம்னியா?"

"போன்னுதான்டா சொன்னேன். மூணு நாள்தானே, நான் பாத்துக்கறேன்னேன். துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டா. கிளம்பற அன்னிக்குக் காலையில அவரை நான் நடக்கவெச்சுக் காட்டறேன் பாருன்னு எழுப்பினேன். நல்ல கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். மூணு அடிதான் வெச்சாரு. அந்தப் பக்கமாச் சாஞ்சுட்டாரு. என்னால இழுக்க முடியல. நெத்தியில அடி. அவ ஓடி வந்து தூக்கினா. அதுக்கப்புறம் அந்தப் பையை அவ திறக்கவே இல்ல."

நேர்காணலில் கேட்ட கேள்வி பற்றி அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அவளாகத்தான் இதைச் சொன்னாள். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

டிவியில் பார்த்தேன் என்றாளே அக்கா, அந்தக் கேள்விகளெல்லாம் அவள் தனக்காகப் படித்து வைத்தவை. அவள் பதில் சொல்லவேண்டிய கேள்விகளை என்னிடம் கேட்டாள். நான் அவளுடைய பதிலை எடுத்து, அவளிடமே சொல்லிக் காட்டி, நேரம் எவ்வளவு என்று கேட்டேன்.

நேற்று ஒரு வழியாகப் போனை எடுத்தாள். கடிதம் பற்றி எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. "அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் வரப்போகுது, நீ எழுதேன். நான் தினமும் கேள்வி கேக்கறேன், கடிகாரம் பாக்கறேன்" என்றேன்.

"எனக்கு முப்பது ஆச்சுடா" என்றாள்.

"அதனால என்ன?"

"கஷ்டமான காலம் எதுன்னு கேப்பாங்க. என்கிட்ட இருந்ததைத்தான் உனக்குக் குடுத்துட்டேனே" என்று சிரித்தாள். கடையில் ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அக்கா, நீ சொல்லிக்கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. என் வேலையைப் பற்றிப் பேசிய பத்து நிமிடம் அவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்கிற முகத்தோடுதான் இருந்தார்கள். அதற்குப் பிறகு நான் எடுத்துப் போட்டது எனக்குச் சொந்தமில்லாதது. அதனால் போயிற்று. அம்மா, நீ நின்ற இடத்தில்தான் நானும் நின்றேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

கொஞ்ச நாளாக ஒன்று நடக்கிறது. விரிப்பு மடிக்கும்போது அந்தப் பதிலைச் சொல்லிப் பார்க்கிறேன். அப்பா எழுந்து நிற்கிறார், நான் இடது பக்கம் நிற்கிறேன், மூன்றாவது அடியில் அவர் அந்தப் பக்கம் சாய்கிறார். ஓடிப்போய் வலது பக்கம் நிற்கலாம் என்று பார்க்கிறேன். அந்தப் பக்கம் நின்றால் அவருடைய எடை எங்கே அழுத்தும், தோளிலா இடுப்பிலா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதற்குமேல் அவர் நடப்பதில்லை. எண்ணுவதும் கேட்கவில்லை.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் ஒரு உதவி செய்யுங்கள். அக்கா கடையிலிருந்து வந்து, முகம் கழுவி, சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். சவரம், தலையணை உறை, ஜுரம் வந்த அன்று, அந்த ஏழு, எல்லாவற்றையும். எந்தக் கையால் பிடித்தாள், எங்கே கால் வைத்தாள் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் நடுவில் நிறுத்தாதீர்கள்.